அமெரிக்க நாணயச் சேகரிப்பு: கால் டாலரா, மார்கன் டாலரா, லிங்கன் சென்ட்டா?

அமெரிக்க நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர் காதில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் விழும்: மாநிலக் கால் டாலர், மார்கன் வெள்ளி டாலர், லிங்கன் ஒரு சென்ட். நாணயத்தை இனம் காணக் கற்பதுதான் நோக்கம் என்றால், மூன்றிலும் மதிப்புக் குறைந்த சென்ட்டுக்கே என் ஓட்டு.

கால் டாலரில் சிரமமே இல்லை. அதுதான் அதன் குறை. 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து வீதம் ஐம்பது மாநிலங்களுக்கும் வெளியிட்டார்கள். டெலவேரில் தொடங்கி ஹவாயில் முடித்தார்கள். சில்லறையிலேயே பொறுக்கினால் 12.50 டாலரில் ஐம்பதும் சேர்ந்துவிடும். குழந்தைகளுக்கு அருமையான பொழுதுபோக்கு. ஆனால் மாநிலத்தின் பெயரும் ஆண்டும் நாணயத்திலேயே இருக்கும்போது கண்டுபிடிக்க என்ன மிச்சம்? கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியதால் விலையும் ஏறவில்லை. 2004இல் டென்வரில் அச்சான விஸ்கான்சின் நாணயம் மட்டும் விதிவிலக்கு: சிலவற்றில் மக்காச்சோளக் கதிரின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக இருக்கும்.

மார்கன் டாலர் நேர் எதிர். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இலும் அச்சானது; 90 சதவீதம் வெள்ளி, எடை 26.73 கிராம். கையில் வைத்தாலே ஆசை வரும். ஆனால் எத்தனை அச்சானது என்ற கணக்கை நம்பி இதில் இறங்க முடியாது. 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், கிடைக்கவே கிடைக்காது என்று பேசப்பட்ட 1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர், 1962இல் அரசின் கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்தது, விலை சரிந்தது. போலிகளும் ஏராளம். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு லட்சம் மட்டுமே அச்சான 1893 டாலர் என்று எவராவது நீட்டினால், தலைப் பக்கத்தில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதன் உச்சியில் சாய்வாக ஒரு மெல்லிய புடைப்புக் கோடு தெரிய வேண்டும். தேய்ந்த காசில் அதுவும் மங்கிவிடும். புதியவருக்கு ஏன் இந்தத் தலைவலி?

லிங்கன் சென்ட்டில் பாடம் மலிவு. 1909இல் வந்த முதல் நாணயங்களின் பின்புறத்தில், கோதுமைக் கதிர்களுக்குக் கீழே, வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் இருந்தன. பெரிதாகத் தெரிகிறது என்று முணுமுணுப்பு எழுந்ததும் நீக்கிவிட்டார்கள். அந்த எழுத்துகளோடு சான்பிரான்சிஸ்கோவில் அச்சானவை 4,84,000 மட்டுமே. பலருடைய ஆல்பத்தில் காலியாகவே கிடக்கும் குழி அதுதான். 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய் வெண்கலத் தகட்டில் விழுந்த சில 1943 காசுகளுக்குப் பெரும் விலை உண்டு. அதனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவை காந்தத்தில் ஒட்டாது. அங்கே கண்தான் கருவி: அசல் 1943இல் மூன்றின் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டு இறங்கும், எட்டிலிருந்து அந்த வாலை வரவழைக்க முடியாது.

1982 இன்னும் சுவை. அந்த ஒரே ஆண்டில் 3.11 கிராம் செம்புக் காசும், செம்பு முலாம் பூசிய 2.5 கிராம் துத்தநாகக் காசும் வந்தன. தேதி எழுத்திலும் பெரிது, சிறிது என்று இரண்டு வகை. ஒரு சிறு தராசும் பூதக்கண்ணாடியும் இருந்தால் ஒரு மாலை போவதே தெரியாது.

சென்ட்டுக்கும் குறை உண்டு. துத்தநாகக் காசு ஈரம் பட்டால் கொப்பளித்துக் கெட்டுப்போகும். பழைய செம்பைக் கண்டதும் புளி போட்டுத் தேய்க்க நம் கை துறுதுறுக்கும்; தேய்த்தால் விலை போயிற்று. புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் அடித்துவிட்டார்கள், இனிச் சில்லறையில் மெல்லக் குறையும். இன்னும் வங்கியில் ஐம்பது காசுச் சுருள் கிடைத்தால் அரை டாலர்தான். பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிச் செலவழிக்கலாம்.

வெள்ளி ஆசை அடங்காதவர்கள் 1921 மார்கன் ஒன்றை, நம்பகமான வணிகரிடம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மார்கன்களில் மிகுதியாகக் கிடைப்பது அதுதான். மற்ற டாலர்களின் எடையையும் அளவையும் ஒப்பிட ஓர் அசல் கையில் இருக்கும்.