தொகையை எழுத்தில் காட்டும் சார்பு: எக்செல்லில் எங்கே வைப்பது?

பில்லின் அடியில் ‘ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் மட்டும்’ என்று தொகையை எழுத்திலும் காட்டுவது நம் கணக்கு அலுவலகங்களின் அன்றாட வேலை. தாய்லாந்தின் பாத் நாணயத்துக்கு ‘பாத்டெக்ஸ்ட்’ என்ற சார்பை (ஃபங்ஷன்) எக்செல் தன்னிடமே வைத்திருக்கிறது. லட்சம், கோடி என்று எண்ணும் ரூபாய்க்கு அப்படி ஒன்று இல்லாததால் நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தொகையைக் கோடியால் வகுத்து, மீதியை லட்சத்தாலும் ஆயிரத்தாலும் நூறாலும் வகுத்துக்கொண்டு போனால் சார்பு தயார். அதை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவெடுப்பதற்குத்தான் அதிக யோசனை தேவைப்படுகிறது.

1993இல் எக்செல் 5 உடன் வந்த விபிஏ என்ற நிரல்மொழிதான் பலரும் முதலில் நாடும் வழி. ஆல்ட்-எஃப்11 அழுத்தி, ஒரு மாட்யூலில் நிரலை ஒட்டி, கோப்பை மேக்ரோ (விபிஏ நிரல்) தாங்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகையாகச் சேமித்தால் போதும். ஆனால் அந்தக் கோப்பு பிரவுசர் எக்செல்லில் மேக்ரோவை இயக்காது. மின்னஞ்சலில் வந்து இறங்கிய கோப்பானால், 2022இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாற்றத்தின்படி மேக்ரோ இயல்பாகவே தடுக்கப்படும். மேக்ரோ வழியே பரவிய தீநிரல்களை நினைத்தால் அந்தத் தடை சரியே.

அதே நிரலை எக்ஸ்எல்ஏஎம் ஆட்-இன் (எக்செல்லுடன் இணைக்கும் துணைநிரல்) ஆக்கினால் அந்தக் கணினியில் திறக்கும் எல்லாக் கோப்புக்கும் சார்பு கிடைக்கும். நெடுநாள் நானும் இதையே செய்துவந்தேன். என் ஷீட்டை ஆட்-இன் வேறொரு ஃபோல்டரில் இருக்கும் கணினியில் திறந்தபோது, வெறும் சார்பின் பெயர் இருக்க வேண்டிய சூத்திரத்தின் தொடக்கத்தில் என் கணினியின் ‘சி:\யூசர்ஸ்’ என்று தொடங்கும் முழுப் பாதையும் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆட்-இன்னே இல்லாத இடத்தில், மறுபடி கணக்கிட்டவுடன் ‘#நேம்?’ பிழைதான் மிஞ்சும்.

2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட லாம்ப்டா, அதாவது எக்செல் சூத்திரங்களைக் கொண்டே புதுச் சார்பை உருவாக்கும் வசதி, இந்தத் தொல்லையை நீக்குகிறது. நேம் மேனேஜரில் ஒரு பெயர் கொடுத்து எழுதிவிட்டால், சார்பு சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புக்குள்ளேயே இருந்து, கோப்பு போகுமிடமெல்லாம் கூடவே போகும், பிரவுசரிலும் இயங்கும். பெறுபவரிடம் மைக்ரோசாஃப்ட் 365 அல்லது 2024 பதிப்பு இருக்குமானால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன். ஆனால் லாம்ப்டாவால் விடையைத் தர முடியுமே தவிர, பில்லை பிடிஎஃப் ஆக்கிச் சேமிப்பது போன்ற செயல்களைச் செய்ய முடியாது.

சி மொழியில் எழுதப்படும் எக்ஸ்எல்எல் என்ற வகை ஆட்-இன் வேகமானது. எனினும் விண்டோஸில் மட்டும் ஓடும், 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஆட்-இன் விண்டோஸ், மேக், பிரவுசர் மூன்றிலும் ஓடினாலும் அதன் நிரலை வைக்க ஒரு வலைத்தளம் வேண்டும். இந்த ஒரு வரிக்கு இரண்டுமே மிகை. கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துவோருக்கு அதனுடன் வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதி போதுமானது. அதில் நாமே எழுதும் சார்பு ஒவ்வொன்றும் 30 நொடிக்குள் விடை தர வேண்டும் என்ற வரம்பு இங்கே இடிக்காது.

2016 பதிப்பே இன்னும் ஓடும் அலுவலகத்துக்கு எக்ஸ்எல்எஸ்எம் வார்ப்புருவையே பரிந்துரைப்பேன். பொது ஃபோல்டரில் அதை வைத்து, எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள ட்ரஸ்ட் சென்டரில் அந்த இடத்தை நம்பகமானதாகச் சேர்க்க வேண்டும். ஃபோல்டர் நெட்வொர்க்கில் இருந்தால் அதற்கென உள்ள கட்டத்திலும் டிக் செய்ய மறக்கக் கூடாது.