ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட் விழுந்தால் நமக்கு யார் சொல்வது? கிரான் மெயில், லாக் ஃபைல், சிஸ்டம்டி டைமர், வெளிக் கண்காணிப்பு

"டெர்மினலில் கையால் ஓட்டினா ஓடுது சார், கிரான்ல போட்டா மட்டும் ஓடல." புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட் வரை, சின்ன ஆபீஸ்களில் சர்வரைக் கவனிப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கிரான் என்பது ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை எழுதிவைத்த ஃபைலை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஏற்பாடு. பில்லிங், பிரிண்டர், நெட் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் பார்க்கிற அதே ஆள்தான் இங்கே லினக்ஸ் சர்வரையும் பார்க்கிறார். தினமும் லாக் படிக்க அவருக்கு நேரம் கிடையாது. ராத்திரி ஸ்கிரிப்ட் விழுந்த சேதி காலையில் தானாக அவரிடம் வந்து சேர வேண்டும். அதற்கு எது தோது என்பதை வைத்துத்தான் இந்த நான்கையும் எடைபோடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கப், பணம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் சிஸ்டம்டி டைமரும் (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நேர ஏற்பாடு) வெளிக் கண்காணிப்பும் (வேலை முடிந்ததா என்று வெளியிலிருந்து பார்க்கும் சேவை) சேர்ந்தே வேண்டும். மற்றதற்கெல்லாம் கிரானும் ஒரு லாக் ஃபைலும் போதும்.

கிரான் மெயிலில் இருந்து தொடங்கலாம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே கிரான் இருந்தது. பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானின் வழிவந்தவைதான் இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் ஓடுகின்றன. ஏற்பாடு எளிது: ஸ்கிரிப்ட் எதையாவது அச்சிட்டால் அது அந்த யூசருக்கு மெயிலாகப் போகும், கிரான் வேலைகளை எழுதிவைக்கும் ஃபைலான கிரான்டேப்பின் தலையில் 'மெயில்டு' என்ற வரியில் முகவரி கொடுத்தால் அங்கே போகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விக்ஸி கிரான் மெயில் அனுப்புவது வெளியீடு இருந்தால்தான். ஸ்கிரிப்ட் தோற்றதா என்று அது பார்ப்பதில்லை. சத்தமில்லாமல் விழுந்த ஸ்கிரிப்டுக்கு மெயில் வராது. நன்றாக ஓடி, ஒப்புக்கு நாலு வரி அச்சிடும் ஸ்கிரிப்டுக்குத் தினமும் வரும். தினமும் வரும் மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள். மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள 'க்ரானிக்' கட்டளையை ஸ்கிரிப்டுக்கு முன்னால் போட்டால், தோற்றபோது மட்டும் வெளியீட்டை விடும். மெயிலை நம்புகிறவர்கள் இதை அவசியம் போட வேண்டும்.

இன்னொரு சிக்கல்: இன்றைய கிளவுட் உபுண்டு சர்வர்களில் மெயில் அனுப்பும் மென்பொருளே (எம்டிஏ) பெரும்பாலும் இருக்காது. சிஸ்டத்தின் பொது லாக்கான சிஸ்லாக்கில் "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்" என்று ஒரு வரி மட்டும் விழும். எரர் செய்தி குப்பைக்குப் போய்விடும். போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி மெயில் மென்பொருளை நிறுவினாலும், மெயில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டைப் பல கிளவுட் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. அதனால் புதிதாக அமைக்கும் சர்வரில் மெயிலை மட்டும் நம்ப நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது லாக் ஃபைல். சேதி சொல்வதில் இது மெயிலைவிட மோசம், யாராவது போய்ப் படித்தால்தான் உண்டு. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க இதற்கு ஈடு இல்லை. வரியின் கடைசியில் ஃபைல் பெயரை எழுதி, அதற்குப் பிறகு 2>&1 என்று போட வேண்டும். எரரையும் அதே ஃபைலுக்கு அனுப்பும் குறி இது, வரிசை மாறினால் எரர் ஃபைலுக்கு வராது. வெளியீட்டை /டெவ்/நல்லுக்கு (வருவதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) அனுப்பும் வரி எங்கே இருந்தாலும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். மெயில் தொல்லைக்காக யாரோ போட்டது, கூடவே எல்லாத் தடயத்தையும் அழித்துக்கொண்டிருக்கும்.

லாக்கைத் திறந்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை சில. எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை: கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்கள்) வெறும் /யூஎஸ்ஆர்/பின், /பின் அளவுக்குத்தான் இருக்கும், நம் லாகின் ஷெல்லில் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) உள்ளது எதுவும் அதற்குத் தெரியாது. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. டெபியன், உபுண்டுவில் கிரான் கூப்பிடும் எஸ்ஹெச் என்ற ஷெல் உண்மையில் டேஷ். டெர்மினலில் நாம் வழக்கமாகப் பார்க்கும் பேஷ் ஷெல்லுக்கே உரிய எழுத்துமுறை அங்கே செல்லாது. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால் வரி முடிவில் ஒட்டிய எழுத்தால் "பேட் இன்டர்பிரட்டர்" அல்லது "நாட் ஃபவுண்ட்" வரும்.

இவற்றில் மிக வஞ்சகமானது சதவீதக் குறி. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி சேர்க்க எல்லோரும் டேட் கட்டளையில் + போட்டு % குறி வைத்து எழுதுவார்கள். டெர்மினலில் சரியாக ஓடும். கிரான்டேப்பில் முதல் % குறியோடு கட்டளை முடிந்துவிட்டது என்று பொருள். மீதி எழுத்தெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். கிரான் மெயிலில் "என்ட் ஆஃப் ஃபைல் அன்எக்ஸ்பெக்டட்" என்று வரும், அல்லது சிஸ்லாக்கில் கட்டளை பாதியில் அறுந்து தெரியும். முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் தீரும். அதைவிட நல்லது, கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் எழுதி, கிரான்டேப்பில் அதன் முழுப் பாதையை மட்டும் வைப்பது. டெபியன் குடும்பத்தில் கிரான் டெய்லி ஃபோல்டரில் போடும் ஸ்கிரிப்டின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. பெயரின் கடைசியில் .எஸ்ஹெச் ஒட்டியிருந்தால் அது ஓடவே ஓடாது, எரரும் வராது.

இப்போது டைமர். டெபியன் 8, உபுண்டு 15.04 வந்த 2015இலிருந்து சிஸ்டம்டி அங்கே இயல்பாக இருக்கிறது. ஒரு வேலைக்கு ஒரு சர்வீஸ் ஃபைல், ஒரு டைமர் ஃபைல் என்று இரண்டு எழுத வேண்டும்; கிரானின் ஒற்றை வரிக்குப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். பதிலுக்குக் கிடைப்பது அதிகம். 'லிஸ்ட்-டைமர்ஸ்' என்று கேட்டால் எது கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்று ஒரே அட்டவணையில் வந்துவிடும். ஸ்டேட்டஸ் கேட்டால் எக்ஸிட் கோட் தெரியும். சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலில் அந்த வேலையின் வெளியீடு மட்டும் நேரத்தோடு தனியாகக் கிடைக்கும். முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் இரண்டாவது கிளம்பாது. கிரானில் இதற்கு எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைத் தனியாகக் கட்ட வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 'ஆன்ஃபெயிலியர்': ஸ்கிரிப்ட் தோற்றால் இன்னொரு சர்வீஸைக் கிளப்பு என்று சொல்லிவைக்கலாம், அது டெலிகிராமுக்கு ஒரு வரி அனுப்பிவிடும். தோல்வியைத் தோல்வி என்றே அறிகிற முதல் ஆள் இதுதான்.

நம் கடற்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மாதிரி ராத்திரியில் ஆபீஸ் மூலையில் இருக்கும் சர்வர் யூபிஎஸ் தீர்ந்து அணைந்தால், இரண்டு மணிக்குப் போட்ட கிரான் வேலை அந்த நாளுக்கு இல்லை என்றே ஆகிவிடும். டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' என்பதை ட்ரூ என்று வைத்தால், கரண்ட் வந்து சர்வர் எழுந்ததும் தவறவிட்ட வேலையை ஒரு முறை ஓட்டிவிடும்.

நேரக் குழப்பத்திலும் டைமருக்கே என் ஓட்டு. கிளவுட் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், இரண்டு மணி என்று கிரானில் எழுதியது நமக்குக் காலை 7.30. ஆபீஸ் திறக்கும் நேரத்தில் டேட்டாபேஸ் மந்தமாகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். டைமரில் நேரத்துக்குப் பக்கத்திலேயே ஆசியா/கொல்கத்தா என்று எழுதலாம்.

குறைகளும் உண்டு. சர்வீஸ் ஃபைலில் எழுதும் கட்டளை ஷெல் வழியாக ஓடாது, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க் குறியும் > குறியும் அங்கே பலிக்காது. % குறிக்கு இங்கேயும் தனிப் பொருள் இருக்கிறது, இரட்டையாக எழுத வேண்டும். /வார்/லாக் அடியில் ஜர்னல் ஃபோல்டர் இல்லாவிட்டால், பொதுவான அமைப்பில் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் இருந்து, ரீபூட்டில் போய்விடும். ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத இன்னொரு யூனிக்ஸ் வகை) வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம்டி கிடையாது, அவர்களுக்குக் கிரான்தான்.

இத்தனைக்குப் பிறகும் டைமரை ஏமாற்றும் ஒரு வகை இருக்கிறது. கடலூர் முதுநகரில் ஒரு நிறுவனத்தில் பேக்கப் ஃபோல்டரைப் பார்த்தேன்: வரிசையாக .ஜிஇசட் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 20 பைட். டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜிடம்ப்பை, சுருக்கும் ஜிஜிப்புக்குக் குழாய் போட்ட ஸ்கிரிப்ட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறிய நாளிலிருந்து டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது. ஜிஜிப்போ வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, எக்ஸிட் கோட் 0 கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாததை ஜிஜிப் செய்தால் வருவதுதான் அந்த 20 பைட். குழாயின் எக்ஸிட் கோட் கடைசிக் கட்டளையுடையது என்பதால் கிரானும் சரி, டைமரும் சரி, வெற்றி என்றே குறித்துக்கொள்ளும். ஸ்கிரிப்டைப் பேஷில் எழுதி, தலையில் செட் -இ, செட் -ஓ பைப்ஃபெயில் இரண்டையும் போட வேண்டும்; அப்போது குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்றே ஆகும். அதோடு ஃபைலின் அளவையும் ஸ்கிரிப்டே சோதிக்கட்டும்.

நான்காவதான வெளிக் கண்காணிப்பை விளக்க அதிகம் தேவையில்லை. ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒரு சேவையில் ஒரு முகவரி வாங்கி, ஸ்கிரிப்ட் நல்லபடியாக முடிந்தால் மட்டும் கர்ல் (இணைய முகவரியை அழைக்கும் கட்டளை) வைத்து அதைத் தட்ட வேண்டும்; && போட்டால் அது நடக்கும். குறித்த நேரத்தில் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை நமக்குச் சேதி அனுப்பும். சர்வரே அணைந்துவிட்டது, யாரோ டைமரை நிறுத்திவிட்டார்கள் என்பதையெல்லாம் மற்ற மூன்றாலும் சொல்ல முடியாது, இதனால் முடியும். ஏன் தோற்றது என்று மட்டும் இதற்குத் தெரியாது. அதற்கு ஜர்னலுக்கோ லாக்குக்கோதான் திரும்ப வேண்டும்.

கிரான்டேப் நீளமாக இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்றால்: எல்லா வரிக்கும் இன்றே வெளியீட்டை லாக்குக்குத் திருப்புங்கள். பேக்கப் வரிக்கு ஒரு கர்ல் சேருங்கள். அப்புறம் அந்த ஒரு வேலையை மட்டும் டைமருக்கு மாற்றி, பழைய கிரான் வரியை அதே நாளில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேக்கப் இரண்டு முறை ஓடும். மாற்றியதும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாக வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். போனில் சேதி வருகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.