கெட்ஹோஸ்ட்பைநேமா, கெட்அட்ரின்ஃபோவா? சி நிரலில் முகவரி தேடும் இரண்டு வழிகள்

சர்வரின் பெயரைக் கொடுத்து ஐபி முகவரி வாங்கும் வேலைக்கு, பழைய சி நிரல்களைத் திறந்தால் கெட்ஹோஸ்ட்பைநேம் (gethostbyname) என்ற ஃபங்ஷன்தான் கண்ணில் படும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் (glibc) இன்னும் இருப்பதால் பழைய நிரல் சிக்கலின்றி கம்பைல் ஆகிறது. குறை ஓடும்போதுதான் தெரியும்.

முதல் குறை, அது பொதுவாக ஐபிவி4 முகவரிகளை மட்டுமே தரும். இரண்டாவது இன்னும் மோசம்: விடையை ஒரே நிலையான நினைவிடத்தில் எழுதி, அதன் பாயின்டரை, அதாவது அந்த நினைவிடத்தின் முகவரியைத் தருகிறது. ஒரு பெயரைத் தேடி விடையை 'அ'வில் வைத்து, அடுத்த பெயரைத் தேடி 'ஆ'வில் வையுங்கள். இரண்டையும் அச்சிட்டால் இரண்டிலுமே இரண்டாவது சர்வரின் முகவரிதான் வரும். பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) ஓடும் நிரலில் இதே கோளாறு எப்போதாவது தலைகாட்டும், பிடிப்பது கடினம். கெட்ஹோஸ்ட்பைநேமின் '_ஆர்' என்று முடியும் வடிவம் இதற்குத் தீர்வுதான். ஆனால் அது போசிக்ஸில் இல்லை, லினக்ஸிலும் சோலாரிஸிலும் அதன் அளவுருக்கள் வேறு வேறு.

புதிய வழியான கெட்அட்ரின்ஃபோ (getaddrinfo) ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரு தொடர்பட்டியலாகத் தருகிறது. போர்ட் எண்ணும் நிரப்பப்பட்டிருப்பதால் அப்படியே இணைப்பு ஏற்படுத்தும் கனெக்ட்டுக்குக் கொடுக்கலாம். புதிய நிரலுக்கு இதுதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் இதற்கும் சில கறாரான விதிகள் உண்டு.

எந்த வகை முகவரி வேண்டும் என்று சொல்லும் ஹின்ட்ஸ் ஸ்ட்ரக்டை மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்காவிட்டால் உள்ளே கிடக்கும் குப்பை மதிப்பே கட்டளையாகிவிடும். சாக்கெட் வகையைக் குறிப்பிடாமல் விட்டால் லினக்ஸில் ஒரே முகவரி ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று மூன்று முறை வரும். பிழைக் குறியீடு திரும்பும் மதிப்பிலேயே இருக்கிறது. வழக்கமான பிழைச் செய்தி அச்சிடும் பெர்ரர் (perror) போட்டால் சம்பந்தமில்லாத செய்தி வரும், கய்_ஸ்ட்ரெர்ரர் (gai_strerror) போடுங்கள். ஈஏஐ_சிஸ்டம் (EAI_SYSTEM) என்ற குறியீடு வந்தால் மட்டும் சிஸ்டம் பிழை எண் இருக்கும் எர்நோவைப் (errno) பாருங்கள். வேலை முடிந்ததும் பட்டியலின் நினைவிடத்தை விடுவிக்க ஃப்ரீஅட்ரின்ஃபோ (freeaddrinfo) கட்டாயம்.

பழைய நிரலை மாற்றுபவர்கள் அதிகம் சறுக்குவது பட்டியலில்தான். முதல் முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். முதலில் வருவது ஐபிவி6 முகவரியாக இருந்து, அந்த வழி எங்கோ அடைபட்டிருந்தால் கனெக்ட் வெகுநேரம் தொங்கும். அடுத்த இடத்திலேயே ஐபிவி4 காத்திருந்தும் பயனில்லை. பட்டியல் முழுக்கச் சுற்றுங்கள்: சாக்கெட் திற, கனெக்ட் செய், தோற்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போ. கனெக்ட்டுக்கு நேர வரம்பும் வையுங்கள்.

முகவரியிலிருந்து பெயர் தேட கெட்நேம்இன்ஃபோ (getnameinfo). பெயர் கிடைக்காவிட்டால் எண்ணையே எழுதிக் கொடுத்துவிடும். பெயர்தான் வேண்டுமென்றால் என்ஐ_நேம்ரெக்ட் (NI_NAMEREQD) கொடியைச் சேர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெட்ஹோஸ்ட்பைநேம், கெட்அட்ரின்ஃபோ இரண்டும் ஒன்றுதான்: விடை வரும்வரை நிரல் நின்றுவிடும். ஜிலிப்சியின் இயல்பு அமைப்பில் ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருப்பு, 2 முயற்சி. பல இணைப்புகளை ஒரே சுழற்சியில் கவனிக்கும் ஈவென்ட் லூப்பில் ஓடும் சர்வருக்கு அது தாங்காது. அங்கே நிரலை நிறுத்தாமல் தேடித் தரும் சி-ஏரெஸ் (c-ares) நூலகத்தைச் சேர்க்கலாம், அல்லது கெட்அட்ரின்ஃபோவைத் தனி த்ரெட்டில் ஓடவிடலாம்.