மைதானத்தின் பட்டா யார் பெயரில்? லெஸ்டரின் விச்சாயும் கிரீன் பே ஊரும்

2018 நவம்பர் 3, கார்டிஃப். லெஸ்டர் சிட்டி வீரர் டெமரை கிரே கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த பனியனில் ‘குன் விச்சாய்க்காக’ என்று எழுதியிருந்தது. சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது விதி, நடுவரும் காட்டினார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 27 அன்று, வெஸ்ட் ஹாமுடனான ஆட்டம் முடிந்து லெஸ்டர் மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் பக்கத்திலேயே விழுந்தது. அணியின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவும் உடன் இருந்த 4 பேரும் இறந்துபோனார்கள். கார்டிஃப் ஆட்டம் முடிந்த கையோடு அணி இறுதிச் சடங்குக்காக பாங்காக்குக்கு விமானம் ஏறியது.

‘குன்’ என்பது தாய்லாந்தில் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல், நம்முடைய ‘திரு’ மாதிரி. வெளிநாட்டு முதலாளி என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள், அந்தச் சொல்லோடு சேர்த்து ஒருவரை அழைத்து அழுதார்கள். மைதானத்து வாசலில் பூக்களும் மஃப்ளர்களும் மலையாகக் குவிந்தன.

அமெரிக்காவின் கிரீன் பே நகரத்தில் இப்படி ஒரு காட்சிக்கு வழியே இல்லை. அந்த ஊரின் பேக்கர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் பங்கு வைத்திருக்கிறார்கள். முதலாளி இறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே அங்கே எழாது.

ஓர் ஊருக்கு எது நல்லது? நல்ல மனசுள்ள ஒரு பணக்காரரா, ஊர் சனங்களே சேர்ந்து வைத்திருக்கும் அணியா? விச்சாயை மனதார நேசிப்பவன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இந்த ஒப்பீட்டுக்குள் போகிறேன்.

கொடுத்த கை

விச்சாய் 2010-ல் லெஸ்டரை வாங்கினார். விலை 3.9 கோடி பவுண்டு. இரண்டு பருவம் முன்னால்தான் அணி மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தது. தாய்லாந்து விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்தும் கிங் பவர் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அந்தக் கடைகளின் வருமானம்தான் லெஸ்டருக்குள் வந்தது.

பணம் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அணிக்குள் பணம் போடும் முதலாளிகள் பலர் அதைக் கடனாகத்தான் எழுதிவைப்பார்கள். நாளைக்கு மனம் மாறினால் ‘என் பணத்தை எடு’ என்று கேட்கலாம். விச்சாய் அப்படிக் கொடுத்த 10.3 கோடி பவுண்டு கடனைப் பங்காக மாற்றிவிட்டார். பங்காக மாறிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. தன் பிறந்தநாளுக்கு அவர் ரசிகர்களுக்குக் கொடுத்த பீரும் டோனட்டும் செய்தியில் வந்தன. இது பெரிதாக வரவில்லை. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

அதற்காக அந்த பீரையும் டோனட்டையும் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டேன். இருக்கை ஒவ்வொன்றிலும் அட்டையில் மடித்த கைதட்டி ஒன்று இலவசமாக வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அதை அடிக்கும் சத்தம், 2015-16 பருவத்தில் எதிரணிகளை நிஜமாகவே கலங்கடித்தது. அவருடைய 60-வது பிறந்தநாளுக்கு 60 ரசிகர்களுக்கு சீசன் டிக்கெட் இலவசம். லெஸ்டர் மருத்துவமனைகளின் அறக்கட்டளைக்கு, குழந்தைகள் மருத்துவமனைக்காக 20 லட்சம் பவுண்டு. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுக்கு 10 லட்சம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்த ஊரின் பிள்ளைகள் பிழைக்கப் பணம் கொடுத்தால், ஊர் அவரை வெளியூர்க்காரராகப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

தலைமைக் குணமும் இருந்தது. 2014-15 பருவத்தில் 140 நாள் பட்டியலின் கடைசியில் கிடந்தபோதும் பயிற்சியாளர் நைஜல் பியர்சனை அவர் மாற்றவில்லை. கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று அணி தப்பியது. அடுத்த பருவம், கிளாடியோ ரனியேரி தலைமையில், 5000-க்கு 1 என்று பந்தயக் கடைக்காரர்கள் எழுதிவைத்த அணி பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. 2016 மே 2-ஆம் தேதி செல்சியுடன் டாட்டன்ஹாம் 2-2 என டிரா செய்ததும் பட்டம் உறுதியானது. நம்ம ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தூங்காமல் பார்த்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது.

சரி, அந்த ரனியேரியை 9 மாதத்தில், 2017 பிப்ரவரியில், இதே நிர்வாகம்தான் வீட்டுக்கு அனுப்பியது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முடிவு சரியா தப்பா என்பதை விடுங்கள். லெஸ்டரில் யாருக்காவது அதைத் தடுக்கவோ காரணம் கேட்கவோ உரிமை இருந்ததா? இல்லை. நல்ல முடிவு எடுத்ததும் ஒருவர், கசப்பான முடிவு எடுத்ததும் அவரே.

தீப்பெட்டியில் வந்த காசு

கிரீன் பே, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன நகரம். மக்கள்தொகை 1 லட்சத்தைச் சற்றே தாண்டும். நியூயார்க், சிகாகோ, டல்லஸ் எல்லாம் ஆடும் என்எஃப்எல் என்னும் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் இந்த ஊருக்கும் ஓர் அணி இருப்பதே ஆச்சரியம். 1919-ல் தொடங்கிய அணி, 1923-ல் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து 5 டாலர் பங்கு என்று விற்றார்கள். வாங்கியவர் 6 சீசன் டிக்கெட்டும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அப்புறம் 1930-களில் ஒரு ரசிகர் கேலரியிலிருந்து விழுந்து வழக்குப் போட, காப்பீட்டு நிறுவனமும் திவாலாக, அணி மறுபடி தள்ளாடியது. 1935-ல் மறுபடி பங்கு விற்பனை. 1950-ல் மூன்றாவது தடவை, பங்கு 25 டாலர். ரைட்ஸ்டவுன் பக்கத்துப் பண்ணையில் வாழ்ந்த ஒரு பெண்மணி 25 டாலருக்கும் கால் டாலர் காசுகளாகவே ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து பங்கு வாங்கினார் என்று அணி வரலாற்றில் பதிந்திருக்கிறது. நூறு காசு. அவர் எத்தனை நாள் சேர்த்தாரோ.

இந்தப் பங்கு விசித்திரமானது. ஈவுத்தொகை கிடையாது. விலை ஏறாது. வெளியில் விற்க முடியாது, குடும்பத்தில் யாருக்காவது கொடுக்கலாம். 2021-ல் விற்ற பங்கின் விலை 300 டாலர். பதிலுக்குக் கிடைப்பது சுவரில் மாட்ட ஒரு சான்றிதழும் ஓர் ஓட்டும் ஜூலையில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பும்தான். யாரும் 2 லட்சம் பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் எந்தக் கோடீஸ்வரரும் பின்வாசல் வழியாக உள்ளே வரமுடியாது. நம் பக்கம் சிஎஸ்கே பங்கு வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று புரியும். இந்தியா சிமென்ட்ஸிலிருந்து பிரிந்தபோது பங்குதாரர்களுக்குக் கிடைத்த அந்தப் பங்கு, பட்டியலிடாத சந்தையில் விலை பேசிக் கைமாறுகிறது. அது முதலீடு. கிரீன் பே பங்கு கோயில் திருப்பணிக்குக் கொடுக்கும் நன்கொடை மாதிரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று. அணியை ஒருநாள் விற்றால்கூட வரும் பணம் பங்குதாரர்களுக்குப் போகாது. ஆரம்பத்தில் அது போர்வீரர் நினைவுச் சின்னத்துக்கு என்று எழுதியிருந்தார்கள். 1997-ல் மாற்றி, அணியின் அறக்கட்டளை வழியாக நற்காரியங்களுக்கு என்று ஆக்கினார்கள். விற்றால் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை என்றால் விற்க யாருக்கு ஆசை வரும்? ஊரைவிட்டு அணியைத் தூக்கிக்கொண்டு போவதற்கான காரணத்தையே வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

பயிற்சி முகாம் நாட்களில் அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டு பக்கம் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஊர்ச் சிறுவர்கள் தங்கள் சைக்கிள்களோடு வரிசையில் நிற்பார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வீரர், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க, அந்தச் சின்ன சைக்கிளை மிதித்துப் பயிற்சிக்குப் போவார். சைக்கிளின் சொந்தக்காரப் பொடியன் அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவான். பல பத்தாண்டுகளாக இந்த வழக்கம் தொடர்கிறது. சமூகப் பணி என்று பெயர் வைத்து, பதாகை கட்டி நடத்தும் எதையும்விட இது ஆழமானது என்று நினைக்கிறேன்.

ஊர் அணியின் குறைகள்

கிரீன் பேயைக் கொண்டாடுபவர்கள் மறைக்கும் விஷயங்களும் உண்டு. 5 லட்சம் பங்குதாரர்களுக்கு நிஜ அதிகாரம் ஏறக்குறைய எதுவும் கிடையாது. யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் தலைவரும் நிர்வாகக் குழுவும் எடுக்கும் முடிவு. ரனியேரி விஷயத்தில் லெஸ்டர் ரசிகர் எவ்வளவு கையறு நிலையில் இருந்தாரோ, 2018 டிசம்பரில் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியை அனுப்பியபோது கிரீன் பே பங்குதாரரும் அதே நிலையில்தான் இருந்தார்.

அடுத்து, இந்த அமைப்பு தன் பலத்தால் மட்டும் நிற்கவில்லை. லீக்கின் தொலைக்காட்சிப் பணமும் மற்ற பொது வருமானமும் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அந்த வகையில் மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் கிரீன் பேக்கு வருகிறது. கடைசி இடம் பிடித்தாலும் கீழ் லீக்குக்கு இறக்கமாட்டார்கள். இங்கிலாந்து மாதிரி இறக்கத்தின் கத்தி தலைக்கு மேல் தொங்கும் நாட்டில் ஊர்ப் பணம் மட்டும் தாக்குப்பிடிக்குமா என்பது வேறு கணக்கு. அதோடு, லீக்கே இன்னோர் ஊர் இதைச் செய்யக் கூடாது என்று விதி போட்டிருக்கிறது. ஏற்கெனவே இருந்ததால் கிரீன் பேக்கு மட்டும் விலக்கு. மைதானத்தைப் புதுப்பிக்க 2000-ல் மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டு, அரை சதவீத விற்பனை வரியை 2015 வரை கட்டினார்கள். ஊர் அணி என்றால் ஊர் பர்ஸும் திறக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பின்

இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், தலைமை கைமாறும்போது தெரிகிறது. கிரீன் பே தலைவர் மார்க் மர்ஃபி 17 ஆண்டு பதவியில் இருந்தார். 70 வயதில் ஓய்வு கட்டாயம் என்பதால் 2025 ஜூலையில் இறங்கினார். அவருக்குப் பின் எட் பாலிசி வருவார் என்று ஓராண்டு முன்பே ஊருக்குத் தெரியும்.

லெஸ்டரில் மகன் அய்யாவத் பொறுப்பேற்றார், ‘டாப்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்பா மாதிரியே கொடுத்தவர், குறை சொல்ல மனம் வரவில்லை. சீக்ரேவில் சுமார் 10 கோடி பவுண்டில் பயிற்சி மையம் திறந்தார். 2021-ல் அணியின் வரலாற்றிலேயே முதல் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2023-ல் மறுபடி 19.4 கோடி பவுண்டு கடனைப் பங்காக மாற்றினார். ஆனால் கொரோனாவில் விமான நிலையங்கள் மூடினால் வரியில்லாக் கடையில் யார் வாங்குவார்கள்? பாங்காக்கில் கடை மூடியதன் வலி லெஸ்டரில் தெரிந்தது. 2023-ல் இறக்கம், 2024-ல் ஏற்றம், 2025-ல் மறுபடி இறக்கம். அந்தக் கடைசிப் பருவத்தில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து 9 லீக் ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. குன் விச்சாய்க்காக அழுத அதே ரசிகர்கள் நிர்வாகத்தை எதிர்த்துப் பதாகை பிடித்தார்கள்.

இன்னும் மோசமான முதலாளி வாய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பரி அணி இருக்கிறது. 1885-ல் பிறந்து இரண்டு தடவை எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியை ஸ்டீவ் டேல் 1 பவுண்டுக்கு வாங்கினார். இப்படி ஓர் அணி இருப்பதே அதற்கு முன் தனக்குத் தெரியாது என்று அவரே வானொலியில் சொன்னார். 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்கள் மைதானமான கிக் லேன் பூட்டிக் கிடந்தது.

அதனால்தான் எந்த அணியைப் பார்த்தாலும் இப்போது முதலில் பட்டாவைப் பார்க்கிறேன். லாம்போ ஃபீல்டு, நகரமும் அரசு அமைப்பும் வைத்திருக்கும் சொத்து. கிக் லேனை 2022-ல் ரசிகர்கள் அரசு உதவியோடு மீட்டு வாங்கி, அடுத்த ஆண்டு அங்கே மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். லெஸ்டர் மைதானத்தை 2013-ல் விச்சாய் தரப்பு தன் நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கியது. அணியை வாங்கியவர் மைதானத்தையும் மீட்டாரே என்று அன்றைக்கு எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். ஆனால் அது ஊருக்கு வரவில்லை.

ஆகவே என் ஓட்டு கிரீன் பேக்குத்தான். அதை அப்படியே இங்கிலாந்தில் நட்டு வளர்க்க முடியாது என்று தெரிந்தும் சொல்கிறேன். விச்சாய் மாதிரி ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம், அந்த அதிர்ஷ்டம் இருக்கும்போதே ஊருக்கு எழுதி வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. முதலாளிகளைச் சோதிக்கவும் மைதானத்தை விருப்பத்துக்கு விற்பதைத் தடுக்கவும் தனி ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. அது காவல். உரிமை ஆகாது.

2022-ல் லெஸ்டர் மைதானத்துக்கு வெளியே விச்சாய்க்குச் சிலை வைத்தார்கள். டாப் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மைதானத்தை அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளையாக்கி, ரசிகர்களையும் நகராட்சியையும் அதில் உட்காரவைத்து, விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாதபடி எழுதிக் கொடுக்கட்டும். அணி எந்த லீக்கில் ஆடினாலும், கிங் பவர் என்ன ஆனாலும், அந்தச் சிலை ஊர் நிலத்தில் நிற்கும்.