எலெக்ட்ரிக் டிரெய்லர்: வண்டியில் குறையில்லை, நிறுத்திச் சார்ஜ் போடத்தான் இடமில்லை

சென்னை மாதவரத்தில் டிரெய்லர் ஓட்டும் நண்பர் கேட்டார்: "அண்ணே, மானியம் தர்றாங்களாமே, எலெக்ட்ரிக் புல்லர் ஒண்ணு எடுத்துடலாமா?" மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தைச் சொல்கிறார். அதில் லாரிக்கான மானியத்தை 2025 ஜூலையில் அறிவித்தார்கள். ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். பழைய லாரியை ஸ்கிராப்புக்குப் போட்ட சான்றிதழ் வேண்டும். டிரெய்லருக்குக் கிடையாது, அதை முன்னால் நின்று இழுக்கும் புல்லருக்கு மட்டும்தான். என்னிடம் ஏற்கெனவே ஒரு எலெக்ட்ரிக் புல்லர் ஓடுகிறது; ஃபோனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

இழுவை, ரேஞ்ச் பற்றியெல்லாம் ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சொல்லாதது, வரிசையில் நிற்கும் சுகம். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசையைத் தெரியாதவர் இந்தத் தொழிலில் இல்லை. டீசல் வண்டி அடி அடியாக நகர்வதற்காக இஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்கும், காசு புகையாகப் போகும். எலெக்ட்ரிக் வண்டியில் ஏ.சி.க்குக் கொஞ்சம் கரண்ட், அவ்வளவுதான். அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. மே மாதத்தில்கூட டிரைவர் சட்டை நனையாமல் இறங்கி வருகிறார். டீசல் வண்டிக்கு மாற்றிவிடவா என்று விளையாட்டுக்குக் கேட்டால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மணலிப் பக்கம் நாங்கள் அதிகம் போகும் பொதுச் சார்ஜிங் நிலையத்தின் வாசலில் 'கனரக வாகனங்களுக்கும்' என்று பெரிய பலகை. உள்ளே 240 கிலோவாட் மெஷின், வண்டியில் செருகும் கன் இரண்டு. மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் வேறு வண்டி இல்லாமல் முழுத் திறனும் கிடைத்தால் 280 யூனிட் பேட்டரியில் பெரும்பகுதி ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஏறிவிடும். ஆனால் தரையில் கோடு போட்டிருப்பது காருக்கு. 16 அடிக் கட்டம், பின்னால் காம்பவுண்டு சுவர். புல்லரும் 40 அடி டிரெய்லரும் சேர்ந்தால் 50 அடியைத் தாண்டும். முன்பக்கமாக விட்டால் பாதி வண்டி ரோட்டில் கிடக்கும். ரிவர்ஸில் விட்டால் டிரெய்லரின் பின்புறம் சுவரைத் தொடும்போது, கேபினுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட் கேபிளுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும்.

அதனால் டிரைவர் ரோட்டோரம் டிரெய்லரை ஊன்றுகால் போட்டு நிறுத்தி, காற்றுக் குழாய்களையும் ஒயரையும் கழற்றிவிட்டு, புல்லரை மட்டும் உள்ளே கொண்டுபோகிறார். முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி மாட்ட வேண்டும். அதுவரை சுங்க சீல் வைத்த கன்டெய்னர் ரோட்டில் தனியாக நிற்கும், கிளீனர் காவல். போக்குவரத்துப் போலீஸ் வந்தால் அது தனிக் கதை. மழைக்காலத்தில் லோடு பாரத்தில் ஊன்றுகால் மண்ணில் இறங்கிவிட்டால் திரும்ப மாட்டுவதற்குள் உயிர் போகும். பெட்ரோல் பங்கில் செய்வது மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி விட்டு, நடுவில் மெஷினை வைத்து, கேபிளைக் கொஞ்சம் நீளமாகப் போட்டிருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. பலகை எழுதிய பெயின்டருக்கு லாரி ஞாபகம் வந்திருக்கிறது, கோடு போட்டவருக்கு வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நிலையம் வைத்தவருக்கும் கஷ்டம் இருக்கிறது. கன்டெய்னர் யார்டுக்கு ஆள் போட்டி போடும் ஏரியாவில், ஒரு டிரெய்லர் நுழைந்து திரும்பும் இடத்தில் எத்தனையோ கார்களை நிறுத்தலாம். உயரழுத்த இணைப்பு, டிரான்ஸ்பார்மர் என்று முதல் போட்டுவிட்டு, தினமும் லாரி வருமா என்று வாசலைப் பார்த்திருக்க வேண்டும். நிலையம் இல்லை என்று நாங்கள் வண்டி வாங்குவதில்லை, வண்டி இல்லை என்று அவர்கள் நிலையம் கட்டுவதில்லை. இத்தனைக்கும் பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது!

இந்த இழுபறியை உடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமே போட்டது. 2030க்குள் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கி.மீ.க்கு ஓர் இடத்திலாவது லாரிகளுக்கான சார்ஜிங் வசதி இருக்க வேண்டும். நம் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ. மீஞ்சூர் முனையில் ஒன்று, வண்டலூர் முனையில் ஒன்று வைத்தாலே காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிற வண்டிகளுக்குப் பாதிக் கவலை தீரும். 3.75 மெகாவாட் வரை தாங்கும் புது சார்ஜிங் முறையைப் பற்றிக் கண்காட்சிகளில் பேசுகிறார்கள். என் வண்டிக்கு அது பொருந்தாது, எனக்குத் தேவையும் இல்லை. 70 அடி நேர்தரை கொடுங்கள் போதும்.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. ஆப் என் ஃபோனில், கன் டிரைவர் கையில், நடுராத்திரியில் ஓ.டி.பி. கேட்டு எழுப்புவார். கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. கடற்காற்றில் கன் முனையில் ஈரமும் உப்பும் படிந்தால், தொடங்குமுன் நடக்கும் மின்கசிவுச் சோதனையிலேயே மெஷின் மறுத்துவிடும். துணியால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியும் எண்ணூரும் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அப்புறமும் மெஷினை ஒரு சாண் உயர மேடையில்தான் வைத்திருக்கிறார்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சொந்த யார்டோ, மெஷின் வைக்கச் சம்மதிக்கும் நீண்ட காலக் குத்தகையோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். பொது நிலையத்தை நம்பி இறங்க வேண்டாம். நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பார். இரண்டாவது புல்லருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் எலெக்ட்ரிக்தான்.