வெயிலில் இளகாத ஃப்ளை லைன்: முட்டுக்காட்டுக்கு ஒன்று, மாலத்தீவுக்கு ஒன்று

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்கேபிள் செய்யும் இடத்தில் தரக்கட்டுப்பாடு என் வேலை. செம்புக் கம்பியின் மேல் பி.வி.சி. உறை ஏற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். அதனால் ஃப்ளை லைனை, அதாவது இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை தூண்டிலின் கயிற்றை, கையில் எடுத்தால் முதலில் கேபிளாகத்தான் அது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு இழை, மேலே ஒரு உறை. இழை என்ன, உறை என்ன, எவ்வளவு சூட்டில் இளகும் என்று மனசு தானாகவே கேட்க ஆரம்பித்துவிடும். வெப்பக் கடலில், முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று மீன் பிடிக்க லைன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் எண்ணையும் நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண தூண்டிலில் ஈயக்குண்டோ லூரோ தன் கனத்தில் பறந்து போய் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் ரோமமும்தான், அதற்குக் கனமே கிடையாது. லைன்தான் கனம். லைன்தான் பறக்கிறது, ஃப்ளை அதன் பின்னால் போகிறது. ஐம்பதாயிரம் ரூபாய் ராடு வாங்கினாலும் லைன் தப்பாக இருந்தால் அது வெறும் கழிதான்.

என் முதல் லைன் குளிர் நாட்டு ஆறுகளில் டிரவுட் பிடிப்பதற்கானது. விற்றவர் "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்றார், நம்பினேன். அதைக் கோவளத்தில் மே மாதம் காலை பத்து மணிக்கு வீசிப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் லைன் நன்றாக வெந்த இடியாப்பம் மாதிரி ஆகிவிட்டது. ராடின் ஒவ்வொரு வளையத்துக்கும் இடையில் தொய்ந்து தொங்கியது. விரலில் பிசுபிசுத்தது. வீசினால் வளையத்திலேயே ஒட்டிக்கொண்டு, நாற்பது அடி போக வேண்டியது இருபத்தைந்து அடியில் விழுந்தது. காலடியில் சுருண்டு கிடந்த லைன் ஒன்றோடொன்று பின்னி முடிச்சாகிப் போனது. என் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு வருஷம் எலியட்ஸ் பீச்சில் விடியற்காலையில் வீசிப் பழகினேன். விடியற்காலையில் நன்றாகவே போகும். அதுவே எனக்கு விடையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பி.வி.சி. இயல்பில் கெட்டியான பொருள். அதை வளையவைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலக்கிறார்கள். எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவு இளக்கம். ஐந்து டிகிரித் தண்ணீரிலும் விறைக்காமல் இருக்க வேண்டிய லைனில் அது தாராளமாக இருக்கும். உள்ளே பின்னிய நைலான் நூல், அதுவும் துவளும். அதே லைன் நம் ஊர் வெயிலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் கேபிள் பையன்களைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். பெட்டியில் 'ட்ராபிகல்' என்று போட்டிருக்கும் லைனில் உறையைக் கெட்டியாக வைத்து, உள்ளே பெரும்பாலும் மோனோஃபிலமென்ட், அதாவது தூண்டில் நரம்பு மாதிரியான ஒற்றை இழையோ பின்னிய இழையோ போட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு சோதனை செய்தேன். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் அந்த டிரவுட் லைனையும் பிறகு வாங்கிய இரண்டு ட்ராபிகல் லைன்களையும் வைத்து, ஒவ்வொன்றின் நுனியும் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேலே செங்கல் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் டிரவுட் லைன் சுவரை ஒட்டி ஒரு சாணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ட்ராபிகல் லைன்கள் இரண்டும் நாலு விரல் அளவுக்குத்தான் தலை குனிந்திருந்தன. தொட்டுப் பார்த்தால் மேல்தோல் வழவழப்பாக, காய்ந்தே இருந்தது. வீட்டில் பழைய லைன் வைத்திருப்பவர்கள் யாரும் இதைச் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

அந்த இரண்டு லைன்களைப் பற்றித்தான் இப்போது.

ஒன்று சயின்டிஃபிக் ஆங்லர்ஸ் கம்பெனியின் போன்ஃபிஷ் லைன், எண் 8 (எண் என்பது கனத்தின் கணக்கு, பின்னால் சொல்கிறேன்). 1945-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பெனி. இடையில் 40 வருஷம் 3எம் கையில் இருந்தது. கண்ணாடித் தூளை உப்பவைத்த மாதிரி கண்ணுக்கே தெரியாத வெற்றுக் குமிழிகள் இருக்கின்றனவே, அவை 3எம் செய்யும் பொருள்களில் ஒன்று. பி.வி.சி. தண்ணீரைவிடக் கனமானது, அந்த மாதிரிக் குமிழிகளை உறைக்குள் கலப்பதால்தான் லைன் மிதக்கிறது. எங்கள் தொழிலில் உறைக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் அந்தச் சுருளையே ஒதுக்கிவிடுவோம். இங்கே குமிழியைத் தேடிப் போய்க் கலக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இந்த லைனின் தலைப்பகுதி நீளம். தலை என்றால் முன்னால் இருக்கும் தடித்த பகுதி. கனம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால், வீசும்போது காற்றில் ஒரு நீளமான வளையம் விரிந்து, கடைசியில் ஃப்ளை தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். போன்ஃபிஷுக்காகச் செய்தது. ஃபுளோரிடா, பஹாமாஸ், கிறிஸ்துமஸ் தீவு எல்லாம் அந்த மீனுக்குப் பேர்போன இடங்கள். அரையடித் தண்ணீரில் மேய்கிற மீன், நிழல் விழுந்தாலே ஓடிவிடும்.

நான் இதை மாலத்தீவில் கிளாத்தி மீனுக்குப் பயன்படுத்தினேன். வளையமாக அமைந்த பவளத் தீவுக்கு அடோல் என்று உலகமே சொல்லும் வார்த்தை அவர்கள் மொழியிலிருந்து போனதுதான். அந்த வளையத்துக்குள் திட்டுத் திட்டாக மணலும் பவளமுமாக ஆழமில்லாத கடல். கிளாத்தி தலையைக் கீழே வைத்து நண்டைக் கொத்தும்போது வால் மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடும். அந்த வாலுக்கு இரண்டு முழம் முன்னால் ஃப்ளையை வைக்க வேண்டும். தலையில் விழுந்தால் போச்சு, தூரத்தில் விழுந்தால் பார்க்காது. மதியம், தலைக்கு நேரே சூரியன், வியர்வை கண்ணில் வழிகிறது. லைன் மட்டும் காலையில் இருந்த மாதிரியே இருந்தது. காலடியில் மிதந்த சுருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வளையங்களின் வழியே ஓடின. ஆறாவது மீன் திரும்பி வந்து கவ்வியது. கவ்விய உடனே பவளப் பொந்துக்குள் புகுந்து லீடரை, அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் நரம்பை, அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் அந்த வீச்சு என் வாழ்நாளில் நான் வீசியதிலேயே நல்லது.

இதன் குறை, அல்லது இயல்பு, ஒன்று உண்டு. நீண்ட தலையை முழுக்க வெளியே எடுத்து இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டினால்தான் ராடு வளைந்து வேலை செய்யும். இருபது அடியில் திடீரென்று மீன் தெரிந்தால் திணறும். எதிர்க்காற்றிலும் கொஞ்சம் திணறும்.

எதிர்க்காற்று என்றதும் முட்டுக்காட்டுக்கு வருகிறேன். அங்கே முகத்துவாரத்தில் உள்பக்கமாகக் கடலைப் பார்த்து நின்றால், மே மாதத்தில் மதியத்தை ஒட்டி கடற்காற்று நேராக முகத்தில் அறையும். ஊருக்கு அது உயிர் கொடுக்கிற காற்று, ஃப்ளை வீசுகிறவனுக்கு அது சுவர். இங்கே பிடிக்கிற மீன் கொடுவாவும் பாரையும். வாலைப் பார்த்து வீசுகிற வேலை இல்லை, ஓட்டத்தின் குறுக்கே கனமான ஃப்ளையைத் தூக்கிப் போட்டு இழுக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது ரியோ கம்பெனியின் ட்ராபிகல் அவுட்பவுண்ட் ஷார்ட். இதுவும் எண் 8.

இங்கேதான் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1961-இல் அமெரிக்காவில் தூண்டில் சாமான் தயாரிப்பாளர்கள் கூடி ஒரு கணக்கு வைத்தார்கள். லைனின் முதல் 30 அடி எவ்வளவு கனமோ அதுதான் எண். 8 என்றால் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். 9 என்றால் 240, 10 என்றால் 280. கணக்கு தெளிவுதான், ஆனால் எல்லாரும் அதன்படி நடப்பதில்லை. அவுட்பவுண்ட் ஷார்ட் 8-இன் 30 அடித் தலை 330 கிரெய்ன். பழைய கணக்கில் அது எண் 11. ரியோ இதை மறைக்கவில்லை, பெட்டியிலேயே கிரெய்ன் போட்டிருக்கிறது. நாம்தான் படிக்க வேண்டும். எண்ணைப் பார்த்து லைன் வாங்காதீர்கள், கிரெய்னைப் பாருங்கள். கேபிளுக்கு 'ஒன்றரை ஸ்கொயர்' என்று எழுதிவிட்டு உள்ளே இரண்டரை போட்டால் எங்கள் வேலை போய்விடும், இந்தத் தொழிலில் அது வழக்கம்.

கனம் எல்லாம் முன்னால் குவிந்திருப்பதால் ஒரே ஒரு பின்வீச்சு போதும். ராடு நுனியிலிருந்து அடிவரை வளைவது உள்ளங்கையில் தெரியும். விட்டால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் 'தொப்' என்று விழும். அந்தத் 'தொப்' கிளாத்திக்கு ஆகாது, கொடுவாவுக்கு ஒன்றும் செய்யாது. கலங்கல் தண்ணீர், ஓட்டம் வேறு. இந்த லைனோடு பிடித்த கொடுவா இரண்டரைக் கிலோ இருந்தது. உச்சிவெயிலில் இரண்டு மணி நேரம் வீசியும் லைன் தொய்யவில்லை.

மார்கழியில் மட்டும் கதை மாறும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ரீலிலிருந்து உருவினால் ட்ராபிகல் லைன் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக வரும். உள்ளே இருக்கும் மோனோ ரீலின் வட்டத்தை மறக்காமல் வைத்திருக்கும். இதற்கு ஒரே வழி இழுத்து நீட்டுவது. வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் முதல் தடவை கேட்டபோது, நுனியை இரண்டு சுற்று கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "நரம்பைப் புதுசா வாங்கினா நாங்களும் இழுத்துத்தான் சார் விடுவோம். அப்பத்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். நான் பின்னால் நடந்து, இரண்டு பேருமாக மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்தோம். அன்று காலை முழுக்க லைன் நேராக ஓடியது. பத்துப் பத்து அடியாக இரண்டு கையால் இழுத்தாலும் சரிதான், நேரம்தான் பிடிக்கும்.

பழவேற்காட்டுக்கு இந்த லைன்களை எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதற்குத் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் காலியாகத் தெரிந்தாலும் அது ஒருவருடைய முறை நாளாக இருக்கும். கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பராமரிப்புக்கு வருவோம். உப்பும் மணலும் உறையைத் தேய்க்கிற எமரித் தாள். வீட்டுக்கு வந்ததும் அன்னக்கூடை நிறைய நல்ல தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, அதில் லைனைப் போட்டு ஈரத்துணியால் பிடித்து உருவுவேன். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு கோடு விழும், அவ்வளவும் முட்டுக்காட்டுச் சேறு. அதைவிடப் பெரிய எதிரி நம் கையிலேயே இருக்கிறது. கொசு விரட்டும் களிம்பில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பி.வி.சி.யைத் தின்னும். சன்ஸ்கிரீனும் நல்லதில்லை. தடவினால் புறங்கையால் தடவுங்கள், உள்ளங்கையை மணல் போட்டுக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள். மூடிய காருக்குள் ரீலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உறையிலிருந்து பிளாஸ்டிசைசர் வெளியேறிப் போனால் திரும்ப வராது, அப்புறம் வெடிப்புதான்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் வேல்ஸ் நாட்டு ஏர்ஃப்ளோ இருக்கிறது. அவர்கள் உறை பி.வி.சி. இல்லை, பாலியூரிதேன். ஓயாமல் மடங்கி நிமிரும் ரோபோ கைகளுக்குப் போகும் கேபிளுக்கும் அந்த உறைதான் போடுவார்கள். நண்பர் ஒருவரின் லைனை ஒரு காலை வீசிப் பார்த்தேன். நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் மேல்தோல் வளையங்களில் ஒட்டாமல் ஓடியது. ஒரு காலையை வைத்து அதற்கு மேல் எழுதக் கூடாது.

பெரிய பாரைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் வாங்க வேண்டாம். அங்கே 100 பவுண்டு இழுவை தாங்கும் லீடர் சர்வசாதாரணம். எண் 8 லைனின் உள்ளிழை அவ்வளவு தாங்காது, லீடருக்கு முன்னால் லைன்தான் அறுந்து போகும். எண் 11, 12-இல் அதற்கென்றே தடித்த உள்ளிழையோடு வருகிறது.

இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை, பாரிமுனைப் பக்கம் நான் ஏறி இறங்கிய கடைகளில் நரம்பும் பிரெய்டு என்ற பின்னிய நூலும்தான் இருந்தன. சுங்கவரி, தபால் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சென்னைக்காரர்களுக்கு அவுட்பவுண்ட் ஷார்ட்டைச் சொல்வேன், வருஷத்தில் முந்நூறு நாள் நம் முன்னால் இருப்பது முட்டுக்காடும் காற்றும்தான். போன்ஃபிஷ் லைனை மாலத்தீவு டிக்கெட் எடுத்த பிறகு வாங்கினால் போதும். போன வாரம் இரண்டையும் கழுவி உலர்த்தும்போது தலை முழுக்க நகத்தால் வருடிப் பார்த்தேன். மூன்று வருஷ வெயிலுக்குப் பிறகும் அவுட்பவுண்டில் ஒரே ஒரு இடத்தில்தான், தலை முடிந்து மெல்லிய லைன் ஆரம்பிக்கும் இடத்தில், முடி போல ஒரு கீறல் தட்டுப்பட்டது.