சுண்டத் தெரியாதவனின் ரிதம் ஹெவன்

டச் ஸ்கிரீன் மாற்றிய என் டிஎஸ் லைட் (நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவி) போன வாரம்தான் கைக்கு வந்தது. பழைய திரை தானாகக் கெடவில்லை, கெடுத்தது நான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் நடுவில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த கீறல்கள், கோழி கிளறிய மாதிரி. அத்தனையும் ஒரே கேமின் வேலை: ரிதம் ஹெவன்.

அந்தக் கீறல்களைப் பார்த்த நண்பன் ஒருவன், "இவ்வளவு நல்லா இருக்குமா? நானும் வாங்கவா? எனக்குத் தாளம் சுத்தமா வராதே" என்று கேட்டான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் இந்தப் பதிவு.

முதலில் கேம் என்ன என்று சொல்லிவிடுகிறேன்: பாட்டின் தாளத்துக்குத் தட்டி ஆடும் விளையாட்டு. 2008-இல் ஜப்பானிலும் 2009-இல் மற்ற இடங்களிலும் வந்தது, ஐரோப்பாவில் ரிதம் பேரடைஸ் என்று பெயர். பாப் பாடகரும் இசைத் தயாரிப்பாளருமான சுன்கு, வாரியோவேர் என்ற குட்டி ஆட்டத் தொகுப்பைச் செய்த நின்டெண்டோ குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. கன்சோலைப் புத்தகம் மாதிரி செங்குத்தாகப் பிடித்து, ஏறக்குறைய முழுக்க ஸ்டைலஸால் (திரையைத் தொடும் பேனா) ஆட வேண்டும். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடக் குட்டி ஆட்டம். நான்கு முடித்தால் எல்லாவற்றையும் கலந்து ஒரு ரீமிக்ஸ். அவ்வளவுதான்.

நான் மயங்கிய குட்டி ஆட்டம் க்ளீ கிளப். மொட்டைத்தலையோடு மூன்று பொடியன்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். கடைசிப் பையன் நாம். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. திரையைத் தொட்டால் பாட மாட்டான், வாயை மூடிக்கொள்வான். ஸ்டைலஸை எடுத்தால்தான் பாடுவான். எடுத்துவிட்டு மறந்தால் "ஆஆஆ" என்று விடாமல் கத்திக்கொண்டே இருப்பான். முதல் தடவை நான் கன்சோலை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பக்கத்து அறையிலிருந்து, "அதை யாராவது நிறுத்துங்களேன்" என்று குரல் வந்தது.

மற்ற இசை விளையாட்டுகளில் நாம் சத்தத்தை உண்டாக்குவோம். இங்கே நம் வேலை சத்தத்தை அடக்குவது. முதல் பையன் பாடி நிறுத்துகிறான், இரண்டாமவன் பாடி நிறுத்துகிறான், நம் ஆள் சரியான நேரத்தில் நிறுத்தாவிட்டால் மற்ற இருவரும் திரும்பி ஒரு முறை முறைப்பார்கள். "தவறு" என்ற எழுத்தும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை, அந்த முறைப்பு மட்டும்தான். மதிப்பெண் குறைந்தால் எனக்கு உறைத்திருக்காது, அந்த முறைப்பு உறைத்தது. படங்களைப் பார்த்தால் நோட்டுப் புத்தக ஓரத்தில் கிறுக்கியவை போலத்தான் இருக்கும், ஆனால் புருவம் அரைக்கோடு நகர்ந்தாலே மானம் போகிறது.

அப்புறம் லாக்ஸ்டெப். ஒரே மாதிரி உருவங்கள் வரிசையில் நின்று தாளத்துக்கு அசையும், நாமும் கூடவே தட்ட வேண்டும். திடீரென்று ஒரு குறிப்பு வரும், தட்டு தாளத்தின் மேல் விழாமல் இரண்டு தாளத்துக்கு நடுவே விழ வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பழைய இடத்துக்கு. இதற்குள் கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்கும், ஐந்தாறு பேர் கடைசியில் கண்ணுக்கெட்டாத கூட்டமாகிவிடுவார்கள், நம் ஆள் எங்கே என்றே தெரியாது. படத்தை நம்பினால் தோற்றுப்போவோம். நான் இரண்டு வாரம் திணறிவிட்டு, ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். "சூப்பர்ப்" என்ற நல்ல மதிப்பீடு வந்தது. ஒரு வீடியோ கேமைக் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

தாளம் வராதே என்று கேட்ட நண்பனுக்கு இதுதான் பதில். வரும். இதே டிஎஸ்ஸில் 2006-இல் வந்த எலைட் பீட் ஏஜென்ட்ஸும் அருமையான கேம்தான், ஆனால் அதில் வட்டம் சுருங்கி வருவதைப் பார்த்துத் தட்டுவோம், காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் வந்த படபோனில் பட பட பட போன் என்று முரசடித்து ஒற்றைக்கண் படையை நடத்துவோம். ஒரு தட்டு பிசகினால் படை குழம்பி நிற்கும், ஆனால் அடிக்க வேண்டிய நான்கு தட்டும் பெரும்பாலும் ஒரே வேகம். ரிதம் ஹெவன் ஒன்றுதான் என்னைக் கேட்க வைத்தது.

சரி, இப்போது சுண்டலுக்கு வருவோம். சாப்பிடுவது இல்லை.

இந்த கேமில் ஸ்டைலஸால் தட்டலாம், அழுத்திப் பிடிக்கலாம், விடலாம். இவை மூன்றிலும் எனக்குப் புகாரே இல்லை. நான்காவது ஒன்று இருக்கிறது: ஃபிளிக். கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி, திரையில் வைத்த ஸ்டைலஸைச் சட்டென்று இழுத்து எடுக்க வேண்டும். ரிதம் ராலி என்ற டேபிள் டென்னிஸ் ஆட்டம் முழுக்க இதுதான். பந்து வருகிறது, நேரம் காதுக்குத் துல்லியமாகத் தெரிகிறது, சுண்டுகிறேன், மட்டை அசையவில்லை. பந்து போயேவிட்டது. மறுபடி சுண்டுகிறேன், அசைகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் கைக்குத் தெரியவே இல்லை. தாளம் தப்பித் தோற்றால் தலையைக் குனிந்துகொள்ளலாம். தாளம் சரியாக இருந்தும் தோற்றால் கன்சோலைத் தூக்கி எறியத் தோன்றுகிறது. க்ளீ கிளப்பிலேயே கடைசியில் மூவரும் சேர்ந்து உரக்கப் பாடுகிற இடத்தில் இந்தச் சுண்டல் வந்து என் உயிரை வாங்கும்.

கேமைத் திட்டியே பல மாதம் ஓட்டினேன். ரிப்பேர் செய்தவர்தான் பழைய திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படிக் கீறுறீங்க? நீளமா இழுத்தா நேரமாகும், குட்டியா இழுத்து டக்குனு எடுங்க" என்றார். யோசித்தால் நியாயம். இது விரல் பட்டாலே உணரும் போன் திரை இல்லை. மேலடுக்கு வளைந்து கீழடுக்கைத் தொட்டால்தான் தொடுகை பதிவாகும். நான் கோபத்தில் திரையின் பாதி தூரம் இழுக்கிறேன், என் காதுக்குச் சரியாக இருந்த நேரம், ஸ்டைலஸ் திரையை விட்டு வெளியேறும்போது தாமதமாகிவிடுகிறது. புதுத் திரையில் அவர் சொன்னபடி ஆடினேன். பத்துக்கு ஆறு பதிந்தது இப்போது எட்டு ஆகியிருக்கிறது. மீதி இரண்டுக்கு யார் பொறுப்பு என்று எனக்கும் கேமுக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது.

மூன்று முறை முட்டி மோதித் தோற்றால் கேமுக்குள் இருக்கும் காபிக் கடைக்காரர், "இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போறீங்களா?" என்று கேட்பார். நல்ல மனுஷன். அவர் அப்படிக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகக் கோபம் வரும்.

கையடக்கக் கருவியில்தான் இது சரிப்படும் என்பதற்கு ஒரு சின்னக் கதை. டிஎஸ்ஸின் இயர்போன் துளையில் புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் செருகி, ஒயர் இல்லாமல் ஆடிப் பார்த்தேன். சுத்தமாகத் தெரிந்த லாக்ஸ்டெப் முதல் வரியிலேயே கவிழ்ந்தது. சத்தம் காதுக்கு வருவதற்குள் ஒரு தட்டு முடிந்துவிடுகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 17 மில்லிவிநாடி. புளூடூத் சாதாரணமாகவே அதைப் போலப் பல மடங்கு தாமதிக்கும். பெரிய டிவிகளும் படத்தை மெருகேற்றுகிறேன் என்று தன் பங்குக்குத் தாமதிக்கும். திரை, பட்டன், ஒயர் எல்லாம் ஒரே உள்ளங்கையில் இருந்தால் இந்த வம்பு இல்லை.

ஆகவே நண்பா, என் தீர்ப்பு: வாங்காதே. இதற்கு முந்தைய ரிதம் டெங்கோகுவைத் தேடு. 2006-இல் டிஎஸ்ஸுக்கு முந்தைய கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு, ஜப்பானில் மட்டும் வந்தது. எல்லாம் பட்டன், சுண்டல் என்ற பேச்சே கிடையாது. டிஎஸ் லைட்டின் கீழ்ப்பக்கத் துளையில் செருகினால் ஓடும், ஒரு நாட்டு கேம் இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாதபடி தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பயிற்சியைப் பார்த்தாலே புரிந்துவிடும். டிஎஸ்ஸுக்கு அடுத்த கருவியான 3டிஎஸ்ஸுக்கு இதே வரிசையில் வந்த மெகாமிக்ஸிலும் பட்டனில் ஆடலாம். ஆனால் அமெரிக்காவில் அது டவுன்லோடாக மட்டுமே வந்தது, அந்த ஸ்டோரை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

இதை அப்படியே அவனிடம் சொன்னேன். "சரி, அப்போ உனக்குத்தான் வெறுத்துப்போச்சே, உன் டிஎஸ்ஸையும் கேமையும் ஒரு மாசம் கொடு" என்றான். தரவில்லை. ரிதம் ராலியில் இன்னும் எனக்கு மெடல் வரவில்லை.